சீர்த்தட்டில் வந்த கம்பாக்ட்

போன மாதம், முப்பது வருடம் நான் வேலை பார்த்த கடைக்கு ஒரு சீப்பு வாங்கப் போயிருந்தேன். கோயமுத்தூரில் அந்தக் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. அதனாலேயே பெயரைச் சொல்லப் போவதில்லை. அழகுசாதனப் பிரிவில் நான் நின்ற இடத்தில் இப்போது ஒரு மெஷின் நிற்கிறது. அதன் முன்னால் முகத்தைக் காட்டினால் போதும், படம் பிடித்து, நம் தோல் எந்த வகை, என்ன கிரீம் பூச வேண்டும் என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் சௌமியா, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு வேலைக்குச் சேர்ந்த பெண். என்னை விடவில்லை.

"உக்காருங்கக்கா. உங்களுக்கெல்லாம் ஃப்ரீதானுங்க."

உட்கார்ந்தேன். மூன்று முறை பளிச்சிட்டது. வறண்ட தோல் என்றது. சரி, அது எனக்கே தெரியும். தோலின் வயது எழுபத்தொன்று என்றது. எனக்கு அறுபது நடக்கிறது. நான் மெஷினைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. சௌமியா அவசரமாகத் திரையை அணைத்துவிட்டு, "லைட்டு சரியில்லீங்கக்கா" என்றாள். நல்ல பிள்ளை, வியாபாரத்தில் முன்னுக்கு வந்துவிடுவாள்.

பிறகு, "இந்த மெஷின் இல்லாத காலத்துல எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க? நீங்க தெனமும் என்னதான் போடுவீங்க?" என்று கேட்டாள். அதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து நின்றுவிட்டதால் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். மெஷின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம்தான் இருக்கிறது.

என் பெயர் ரீட்டா. வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. முதல் ஆறு மாதம் ஹேர்பின், கிளிப், ரப்பர் பேண்ட் இருக்கும் மூலையில் நிறுத்தினார்கள். அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அங்கே மறுபடியும் போகக்கூடாது. அதன் பிறகு கிரீம் கவுண்டர். அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்த காரணம் படிப்போ அழகோ இல்லை. என் தோல்தான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்க ஆரம்பித்தால் என் முழங்கை வெளுத்துவிடும், மார்கழியில் உதடு வெடிக்கும். எந்தக் கிரீம் வந்தாலும் என் கையில்தான் முதலில் பூசிப் பார்ப்பார்கள். என் கையில் நின்றால் ஊரில் எல்லோர் கையிலும் நிற்கும்.

சௌமியா கேட்டதற்குப் பதில் இது. காலையில் முகத்துக்குச் சோப்பு கிடையாது, வெந்நீர் கூடவே கூடாது. பச்சைத் தண்ணீரில் கழுவி, துண்டால் ஒத்திவிட்டு, ஈரம் காயும் முன்னே கிரீம். இந்த 'ஈரம் காயும் முன்னே' என்பதைச் சொல்லித்தான் முப்பது வருடம் சம்பளம் வாங்கினேன். டப்பாவின் பின்பக்கம் கிளிசரின் இருக்கிறதா என்று பார்ப்பேன், வாசனை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதற்கு மேல் வெயிலுக்கான சன்ஸ்கிரீன், அதிலும் ஜெல் வேண்டாம், கிரீமாக இருப்பது. கல்யாணம், பூசை என்று எங்காவது கிளம்பினால் பட்டாணி அளவு பவுண்டேஷன், நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சில் தொட்டு. உதட்டுக்கு முதலில் லிப் பாம், பிறகுதான் லிப்ஸ்டிக். கன்னச் சிவப்புக்கென்று தனியாக ஒரு டப்பா வாங்கியதே இல்லை. அதே லிப்ஸ்டிக்கை விரலில் தொட்டுக் கன்னத்தில் தேய்த்துவிடுவேன். விற்றதென்னவோ ஆயிரம் டப்பா. கம்பாக்ட் என்கிற கண்ணாடி வைத்த பவுடர் டப்பா மட்டும் என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. எண்ணெய் வழியும் முகத்துக்கு அது தோழி. என்னைப் போன்றவர்கள் மேல் அது சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

மெஷின் இல்லாமல் கண்டுபிடிப்பது ஒன்றும் வித்தை இல்லை. கையை வாங்கி, முழங்கைக்குக் கீழே நகத்தால் மெல்ல ஒரு கோடு இழுப்பேன். வெள்ளைக் கோடு விழுந்து நின்றால் வறண்ட தோல். அதோடு விடமாட்டேன். கிரீமைக் கன்னத்தோரம் ஒரு பக்கம் மட்டும் பூசி, "மேல போய்ச் சேலை எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். எங்கள் கடையில் மூன்றாவது மாடியில் பட்டு. கல்யாணச் சேலை எடுக்கப் போகிறவர்கள் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து இறங்கி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர்கள் வரும்போது முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பூசிய பக்கம் இன்னும் மெத்தென்று இருந்தால் அந்தக் கிரீம் தேறியது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் வேறு மூடியைத் திறப்போம். கவுண்டரில் எதற்கும் கம்பெனிப் பெயர் சொல்லமாட்டோம். நீல மூடி, ரோஸ் மூடி, பச்சை மூடி என்றுதான் பேச்சு. நீல மூடி வறண்ட தோலுக்கு, பச்சை மூடி எண்ணெய்த் தோலுக்கு.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர் சுலைமான் பாய். கோட்டைமேட்டுக்காரர். வெள்ளைச் சட்டை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் என்னை "ரீட்டாம்மா" என்பார். கோபம் வந்தால் "ஏனுங்க அம்மணி" என்று ஆரம்பிப்பார். மரியாதை கூடக் கூட ஆபத்தும் கூடும். "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் வாரீங்களா அம்மணி" என்றால், அடுத்த நாள் கிளிப் மூலை என்று அர்த்தம். அவருக்கு ஒரே ஒரு சட்டம். மூடியைத் திறக்கும் முன் "யாருக்குங்க?" என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் கை மூடிக்குப் போக வேண்டும்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மேட்டுப்பாளையத்து மண்டியில் உருளைக்கிழங்கு வியாபாரம் செய்யும் ஒருவர், வாரம் ஒருநாள் கோவைக்கு வருவார். நேராக எங்கள் கவுண்டருக்கு வந்து, பூசிப் பார்க்க வைத்திருக்கும் நீல மூடி டப்பாவில் மூன்று விரலை முக்கி எடுத்து, முகம், கை, கழுத்து, பிடரி என்று நிதானமாகப் பூசிக்கொண்டு, "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆறு வாரம் பொறுத்தேன். ஏழாவது வாரம் பாயிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். ஒரு நாற்காலியைத் தானே தூக்கி வந்து போட்டார்.

"உக்காருங்க. செருப்பைக் கழட்டுங்க. குதிகால்தானுங்க ரொம்ப வெடிச்சிருக்குது. அதுக்கு ஏன் போடறதில்லீங்க?"

மண்டிக்காரர் நெளிந்தார். பாய் விடவில்லை. டப்பாவை அவர் மடியிலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடையில் அத்தனை பெண்களும் பார்க்க, மண்டிக்காரர் தன் குதிகாலுக்குத் தானே கிரீம் பூசி முடித்தார். அடுத்த வாரத்திலிருந்து பெரிய டப்பாவாக விலை கொடுத்து வாங்கிப் போனார். பூசிப் பார்க்கும் டப்பாவின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். சிங்காநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மோட்டார் பம்ப் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள், மாப்பிள்ளை வீட்டார். நிச்சயத்துக்குப் பெண்ணுக்குச் சீர்த்தட்டில் வைக்க மேக்கப் செட் வேண்டும். தேர்ந்தெடுப்பது மாப்பிள்ளையின் அக்கா, சுகந்தி. கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிக்கு உள்ள அதிகாரம் சாதாரணமானதில்லை. தாலி கட்டும் முன் இணைச்சீர் என்று அவரைத்தான் தம்பி பக்கத்தில் உட்கார வைத்துச் சீர் செய்வார்கள். மருமகளுக்கு வரும் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதும் அவர் வாக்குத்தான். மணப்பெண்ணைக் கடைக்குக் கூட்டி வரும் பேச்சே கிடையாது, அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்பதும் கௌரவக் குறைச்சல்.

"யாருக்குங்க?" என்று கேட்டேன். அதுவரை சரி.

"பொண்ணுக்குங்க. அன்னூர்க்காரப் புள்ள. ஏறக்குறைய என்ர நெறந்தான். என்ர மூஞ்சியிலயே போட்டுப் பாருங்க" என்றார் சுகந்தி. கூடவே, "நானும் மூணு மாசம் பியூட்டீசியன் கோர்ஸ் படிச்சவதான். ஆனா உங்களாட்டக் கைப் பக்குவம் எங்க டீச்சருக்குக்கூட இல்லீங்க" என்று ஒரு போடு போட்டார்.

அதில் விழுந்துவிட்டேன். சுகந்தி முகம் எண்ணெய் முகம், மூக்கு நுனி விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். அந்த முகத்துக்கு எது நிற்குமோ அதையெல்லாம் எடுத்து அடுக்கினேன். பச்சை மூடிப் பேஸ்வாஷ், பளபளப்பே இல்லாத பவுண்டேஷன், அதே ரகத்தில் லிப்ஸ்டிக், எண்ணெயை உறிஞ்சும் கம்பாக்ட். சேலை எடுத்து முடித்துவிட்டு வந்திருந்ததால் மாடிக்கு அனுப்பவும் வழியில்லை. நிறம் அச்சாகப் பொருந்தியது. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. தோல் எப்படி என்று அன்னூர்ப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பெண் ஹெல்மெட்டும் கையுமாகக் கவுண்டருக்கு வந்தாள். பையிலிருந்து அதே செட்டை எடுத்து வைத்தாள். பெயர் நந்தினி. சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தினமும் அன்னூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவள். கேட்காமலேயே கையை வாங்கிக் கோடு இழுத்தேன். பிளாக்போர்டில் எழுதின மாதிரி விழுந்தது. அன்னூர்ப் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. அதில் குளித்து, காற்றில் வண்டி ஓட்டி, என் தோலையே தூக்கிச் சாப்பிடும் வறட்சி.

"நிச்சயத்தன்னிக்கு அண்ணிதானுங்க மேக்கப் போட்டு உட்டாங்க" என்றாள். "அரை மணி நேரத்துல கன்னம், நெத்தி எல்லாம் வெள்ளை வெள்ளையா உரிஞ்சு வந்துருச்சு. அவியளோட பெரியம்மா ஒருத்தங்க இருக்கறாங்க. பொண்ணுக்குத் தோல்ல என்னமோ வியாதி, மறைச்சுப்போட்டாங்கன்னு சொல்லியிருக்கறாங்க. அத்தை எங்கம்மாவுக்குப் போன் பண்ணி, எதுக்கும் டாக்டர்கிட்டக் காட்டிருங்கன்னாங்க."

"காட்டுனியா கண்ணு?"

"காட்டுனேனுங்க. ஒண்ணுமே இல்ல, வறட்சிதான்னு எழுதிக் குடுத்துட்டாரு. அந்தச் சீட்டை அனுப்பியும் அந்தப் பெரியம்மா நம்பலீங்க. கல்யாணத்தன்னிக்கும் அண்ணிதான் போடுவாங்க, இதே செட்டுத்தான். அன்னிக்கும் இப்படி உரிஞ்சுச்சுன்னா, என்ன வியாதின்னு காலம்பூரா பேசுவாங்க. எங்கப்பா இப்பவே சரியாச் சாப்பிடறதில்லீங்க."

"அண்ணிகிட்டயே சொல்லீரலாமே?"

"எப்படிங்க சொல்றது? அவிய ஆசையா வாங்கிக் குடுத்ததைச் சரியில்லைன்னு சொன்ன மாதிரி ஆயிரும். இல்லீன்னா, என்ர தோல்தான் சரியில்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அந்தச் செட்டை அடுக்கியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. கடைசியில் ஒரு யோசனை சொன்னாள். டப்பாக்கள் அப்படியே இருக்கட்டும், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக் கொடுக்க முடியுமா என்றாள். நல்ல மூளை. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் சும்மா சம்பளம் கொடுப்பதில்லை.

அவளை உட்கார வைத்துவிட்டுப் பாயிடம் போனேன். நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடியும் துடைத்தார்.

"ஏனுங்க அம்மணி," என்று ஆரம்பித்தார். எனக்குக் கிளிப் மூலை கண்ணில் தெரிந்தது. "ஒரு டப்பாக்குள்ள வேற சரக்கை ஊத்தற வேலை நம்ம கடையில நடக்காதுங்க. சீல் உடைச்சதை மாத்தித் தரவும் முடியாதுங்க. ஆனா, அந்தப் பவுண்டேஷனுக்கு அடியில அந்தப் புள்ள என்ன பூசுதுன்னு எந்தச் சம்பந்தி வந்து சொரண்டிப் பாக்கப் போறாங்க?"

அங்கிருந்துதான் திட்டம் பிறந்தது. நந்தினியின் பங்கு சுலபம். பச்சை மூடியைத் தொடக் கூடாது. ஆபீசில் குடிக்கிற நல்ல தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் அதில்தான் முகம் கழுவ வேண்டும். காலையும் இரவும் ஈரம் காயும் முன்னே நீல மூடி. கல்யாணத்தன்று மேக்கப்புக்கு அரை மணி முன்னால் தடிமனாக ஒரு பூச்சு. நீல மூடி டப்பாவைப் பாய் அவளுக்குத் தன் கணக்கில் கொடுத்தார். கடினமான பங்கு சுகந்தியுடையது. அவர் கை பழக்கப்படி போனால், அடியில் எத்தனை கிரீம் இருந்தாலும் மேலே கம்பாக்டை அப்பிவிடுவார். அவர் போடும் முறையே மாற வேண்டும், அதுவும் யாரும் மாற்றியதாகத் தெரியக் கூடாது.

அவரைக் கடைக்கு வரவழைக்க ஒரு காரணம் வேண்டுமே. அந்தச் செட்டோடு ஒரு ஸ்பாஞ்ச் இலவசம் என்று போனில் சொல்லலாம் என்றேன். பாய் பொய் சொல்லமாட்டார். அதனால் முதலில் ஒரு ஸ்பாஞ்சை எடுத்து, காசைத் தானே கட்டி, அதன் மேல் 'இலவசம்' என்று ஒரு சீட்டு ஒட்டினார். அதற்குப் பிறகுதான் போன் செய்தார். "உங்களுக்கு ஒரு இலவசம் இங்க இருக்குதுங்க" என்று அவர் சொன்னபோது ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மறுநாளே சுகந்தி வந்துவிட்டார். நான் முகத்துக்குப் பூசும் எண்ணெய்ப் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"நீங்க கோர்ஸ் முடிச்சவங்க, உங்ககிட்டச் சொன்னாப் புரியும். மத்தவங்ககிட்ட நான் சொல்றதில்லீங்க. பெரிய பெரிய மேக்கப்காரங்க பவுண்டேஷனை அப்படியே போடவே மாட்டாங்க. இந்த எண்ணெயில ரெண்டு சொட்டு உள்ளங்கையில உட்டுக் கலந்து, ஸ்பாஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு, ஒத்தி ஒத்தி எடுப்பாங்க. தேய்க்கறதே இல்லீங்க."

"அப்படீங்களா," என்று கண்ணை விரித்தார். "கம்பாக்ட்டுங்க?"

"வீடியோ லைட்டுக்குக் கம்பாக்ட் ஆகவே ஆகாதுங்க. தொடவே மாட்டாங்க."

என் கையிலேயே ஒருமுறை, அவர் கையில் ஒருமுறை செய்து காட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டார். அந்த எண்ணெய்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டார். போகும்போது, "அக்கா, நீங்களும் கல்யாணத்துக்கு வந்திருங்க. எனக்கு இணைச்சீர் வேற இருக்குது. கை தவறுனாப் பக்கத்துல ஒருத்தர் வேணுமுங்க" என்றார். அவர் படி இறங்கியதும் நான் பாயைப் பார்த்துச் சிரித்தேன். என்னைப் போலச் சாமர்த்தியசாலி கோயமுத்தூர் ஜில்லாவிலேயே இல்லை என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் அன்னூரில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல். நான் ஆறரைக்கே போய்ச் சேர்ந்தேன். மணப்பெண் அறையில் நந்தினி உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. தோல் இரண்டு வாரத்தில் தேறியிருந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவிய யாருங்க அண்ணி?" என்றாள். நானும், "நல்ல லட்சணமான பொண்ணுங்க" என்று சுகந்தியிடம் முதல்முறை பார்ப்பதுபோலச் சொன்னேன். இரண்டு பேருக்கும் நாடகத்தில் ஒரு வேஷம் கொடுத்திருக்கலாம்.

சுகந்தி உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார். கலந்தார். ஒத்தி ஒத்தி எடுத்தார். கன்னம், நெற்றி, மூக்கோரம் எங்கேயும் ஒரு பொருக்கு இல்லை. கண் மை, உதட்டுக்கு முதலில் பாம், பிறகு லிப்ஸ்டிக். எல்லாம் முடிந்து, பூ வைக்கும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். அந்தப் பெரியம்மாதான். பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா, இன்னும் நான்கைந்து உறவுக்காரப் பெண்கள்.

பெரியம்மா நந்தினியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். உரிந்த இடத்தைத் தேடுகிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. விடுவாரா?

"என்ன கண்ணு, மூஞ்சி மினுமினுன்னு எண்ணெய் வழியறாப்புல இருக்குது? நிச்சயத்தன்னிக்குப் பவுடர் போட்டீல்ல? அதை எடுத்துப் போடு. அத்தனை வெலை குடுத்து வாங்கிச் சும்மாவா வெச்சிருக்குது?"

"வீடியோவுக்கு இப்படித்தானுங்க பெரீம்மா" என்றார் சுகந்தி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. போடு சாமி, நாங்க பாக்கறோம்."

மாப்பிள்ளையின் அம்மாவும், "போட்டுரு கண்ணு, பெரீம்மா சொல்றாங்கல்ல" என்றார். அறையில் எல்லோருடைய கண்ணும் நந்தினியின் முகத்தில் இருந்தது. நந்தினி என்னைப் பார்த்தாள். என்னால் என்ன செய்ய முடியும்? நான் யாரோ கடைக்காரி. வாயைத் திறந்தால், இவளுக்கு எப்படி இந்தப் பெண்ணின் தோல் பற்றித் தெரியும் என்ற கேள்வி வரும். அந்த நிமிஷம் என் கவுண்டர் அனுபவம் எதுவும் உதவவில்லை. மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

சுகந்தி பெட்டியிலிருந்து கம்பாக்டை எடுத்துத் திறந்தார். நான் பக்கத்திலேயே நின்றதால் எனக்கு மட்டும் தெரிந்தது. கம்பாக்டுக்குள் பவுடருக்கும், அதைத் தொட்டு ஒற்றும் பஃப்புக்கும் நடுவில், கண்ணாடி மாதிரி ஒரு வட்டமான பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை எடுத்துவிட்டுத்தான் பஃப்பைப் பவுடரில் தொட வேண்டும். சுகந்தி அதை எடுக்கவில்லை. அந்தத் தாளின் மேலேயே பஃப்பை இரண்டு சுற்றுச் சுற்றினார். பஃப்பும் துவைத்துக் காயப்போட்டது, புதுசுபோல வெள்ளையாக இருந்தது. பிறகு நந்தினியின் நெற்றி, கன்னம், தாடை என்று ஓரிடம் விடாமல், வெறும் பஃப்பால் அழகாக, நிதானமாக, மூன்று மாதக் கோர்ஸ் முழுவதையும் காட்டி ஒத்தி எடுத்தார்.

"போதுமுங்களா பெரீம்மா?"

பெரியம்மா தள்ளி நின்று பார்த்தார். "இப்பத்தான் மூஞ்சிக்கு ஒரு களை வந்துச்சு" என்றார்.

முகத்தில் ஒரு துளிப் பவுடர் ஏறவில்லை. நந்தினி கண்ணை மூடியிருந்ததால் அவளுக்கும் தெரியாது. சுகந்தி டப்பாவை டப்பென்று மூடி, என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் சிரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. என் சாமர்த்தியம் எல்லாம் அந்த அறைத் தரையில் கொட்டிக் கிடந்தது.

நந்தினி மேடையில் முகூர்த்தம், சீர், போட்டோ என்று நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முகம் அப்படியே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்து, "எங்க மருமக மூஞ்சியப் பாருங்க" என்று காட்டிக்கொண்டிருந்தார். நந்தினியின் அப்பா பந்தியில் இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கியதை நான் பார்த்தேன்.

கை கழுவும் இடத்தில் சுகந்தி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?" என்று கேட்டேன்.

"நிச்சயத்தன்னிக்கே தெரியுமுங்க. கோர்ஸுல தோல் பாக்கச் சொல்லிக் குடுத்திருக்கறாங்கல்ல. என்ர மூஞ்சிக்கு வாங்கி அவ மூஞ்சியில போட்டுப்போட்டேன். ஆனா நாந்தான் தப்பா வாங்குனேன்னு சொன்னா, அந்தப் புள்ளையக் காப்பாத்தறதுக்குத்தான் நான் அப்படிச் சொல்றேன், அப்ப வியாதி நெசந்தான்னு நெனச்சுப் பெரீம்மா அதையே புடிச்சுக்குவாங்க. எப்படிச் சரி பண்றது, உங்ககிட்ட எப்படி வந்து கேக்கறதுன்னு தவிச்சுட்டு இருந்தேன். அப்பத்தான் உங்க பாய் போன் பண்ணாரு." குழாயை மூடினார். "ஏனுங்கக்கா, ஒரு ஸ்பாஞ்சுக்காகச் சிங்காநல்லூர்ல இருந்து யாராச்சும் பஸ் ஏறி வருவாங்களா?"

நான் குழாயைத் திறந்து, கழுவின கையையே மறுபடியும் கழுவினேன்.

"அவகிட்டச் சொல்லிராதீங்க" என்றார். "நான் வாங்கிக் குடுத்தது அவளுக்கு நல்லா இருந்துச்சுன்னே இருக்கட்டும்."

சரி என்றேன். திங்கட்கிழமை பாயிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, அவர் வெகு நேரம் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு, "ரெண்டு நாளைக்கு நீங்க கிளிப் பக்கம் பாத்துக்குங்க அம்மணி" என்றார். வெள்ளிக்கிழமைத் தப்பை அவர் மறக்கவில்லை.

கல்யாணமாகி ஒன்றரை மாதத்தில் நந்தினி வந்தாள். அந்தக் கம்பாக்டைக் கொண்டு வந்திருந்தாள். "அண்ணி அடுத்த வாரம் ஊட்டுக்கு வாராங்கக்கா. தெனமும் போடறேன்னு சொல்லி வெச்சிருக்கறேன். பவுடர் கொறையவே இல்ல, என்ன பண்றதுங்க?" என்றாள். ஒரு ஸ்பூனால் நடுவில் வட்டமாகச் சுரண்டச் சொன்னேன். "அண்ணிகிட்டச் சொல்லிராதீங்க" என்று அவளும் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கும் சரி என்றேன்.

நந்தினியின் தலைதீபாவளிக்கு முந்தின வாரம், நல்ல கூட்டத்தில், சுகந்தி இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். வறண்ட தோலுக்கு இருப்பதிலேயே நல்ல கிரீமாகக் கொடுங்கள் என்றார்.

"யாருக்குங்க?" என்றேன்.

ஒரு விநாடி யோசித்தார். "எனக்குத்தானுங்க."

அவர் மூக்கு நுனியில் எண்ணெய் ஜொலித்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க, உங்களுக்கு ரொம்பத்தான் வறண்டு போயிருக்குது" என்று சொல்லி, பெரிய டப்பாவாகவே எடுத்துக் கொடுத்தேன்.